கார் டிக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டுவதும் திறப்பதும்: தோட்டத்து வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது என்ன செய்யலாம்?

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு நாத்தனார் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் களத்தில் ஒளிந்து விளையாடும்போது, வண்டி நிற்கும் ஓட்டுச் சாய்ப்பும் ஒளியும் இடங்களில் ஒன்றாகிவிடுகிறது. இத்தனை நாள் நாங்கள் வைத்திருந்தது ஹேட்ச்பேக் வண்டி. அதில் பின் இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு தட்டுப்பலகைதான் இருந்தது. உள்ளே யாராவது இருந்தால் குரல் கேட்கும், பலகையைத் தள்ளிவிட்டு முன்னே வந்துவிடவும் முடியும். இப்போது அதைக் கொடுத்துவிட்டுத் தனி டிக்கி உள்ள செடான் வாங்கியிருக்கிறோம். இதன் டிக்கி நாற்புறமும் அடைபட்டிருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் தரையோடு உள்ள லீவரை இழுத்தால் திறந்துகொள்கிறது; மூடுவதற்குச் சாவியே தேவையில்லை, அழுத்தினாலே பூட்டிக்கொள்கிறது. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடியும் என் கண்ணில் படவில்லை.

லீவரை இழுப்பதற்கு ஆறு வயதுப் பிள்ளைக்கே பலம் போதும் என்பதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை. என் மாமனாரோ, களத்தில் நிற்கும் வண்டியை யாராவது பூட்டுவார்களா என்று கேட்கிறார். சாவியும் ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) ஆணியில்தான் தொங்கும். டிக்கியைப் பூட்டுவதிலும் திறப்பதிலும் எந்தப் பழக்கம் சரியானது, உள்ளிருந்து திறக்கும் வசதியைப் பின்னர் பொருத்திக்கொள்ள முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நொய்யல்_பட்டறை (கோயம்புத்தூர்):

வணக்கம் அம்மணி. பட்டறையில் டிக்கிப் பூட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான செடான் வண்டிகளில் மூடியின் கீழ் விளிம்பில் பூட்டுப் பெட்டி இருக்கிறது. அதனுள் ஆட்டுக்கொம்பைப் போல வளைந்த இரும்பு நாக்கு ஒன்று சுழல்கிறது. அதற்கு நேர் கீழே, வண்டியின் உடற்பகுதியில், வளைத்துப் பொருத்திய கம்பி ஒன்று நிற்கிறது. மூடியை இறக்கியதும் நாக்கு அந்தக் கம்பியைக் கவ்விக்கொண்டு சுழல்கிறது. சுழன்ற நாக்கு திரும்பிப் போகாதபடி இன்னொரு சிறு இரும்பு அதன் பள்ளத்தில் விழுந்து தடுக்கிறது. இந்தப் பள்ளங்கள் இரண்டு உள்ளன. முதல் பள்ளத்தில் விழுந்தால் அரைப் பூட்டு, இரண்டாவதில் விழுந்தால் முழுப் பூட்டு.

அரைப் பூட்டுதான் ஆபத்தானது. மூடி மூடியிருப்பதாகவே வெளியில் தெரியும், கையால் இலேசாகத் தூக்கினாலும் எழாது, ஆனால் சாலையில் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்ததும் விடுபட்டுவிடக்கூடும். ஆகவே, மூடியின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து அழுத்தி மூடுங்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறக்கினால் விரல் மாட்டிக்கொள்ளும். மூடிய பிறகு ஒருமுறை மேல்நோக்கி வலுவாக இழுத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் மூடி திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால், மீண்டும் திறந்து மூடாமல் புறப்பட வேண்டாம். நம் பக்கத்து வண்டிகளில் அரைப் பூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் பூட்டின் பழுது அன்று. தேங்காய் நார், பஞ்சுத் தூசி, சாக்கு நூல் ஆகியவை நாக்கின் அடியில் சேர்ந்து கெட்டித்துப் போயிருக்கும், அல்லது மூடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் இடம் நழுவித் தடுக்கும். பழைய பிரஷ் ஒன்றால் தூசியைத் தள்ளிவிட்டு நாக்கில் மட்டும் சிறிது கிரீஸ் தடவினால் போதும். சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ விடாதீர்கள். அது தூசியைப் பிடித்துவைத்து, சில மாதங்களில் துவாரத்தையே அடைத்துவிடும். அதற்குக் கிராஃபைட் தூள்தான் ஏற்றது.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி வைத்திருக்கும் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அது. மூடியைத் திறந்து மேலே நிறுத்திக்கொண்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் தண்டை நாக்கின் வாயில் வைத்து உள்நோக்கித் தள்ளுங்கள். ‘டக்’ என்று ஒருமுறை, பிறகு இன்னொருமுறை ஒலி கேட்கும். இப்போது மூடி திறந்திருக்கும்போதே பூட்டு மட்டும் முழுமையாகப் பூட்டிய நிலையில் இருக்கிறது. அடுத்து லீவரை இழுங்கள். நாக்கு துள்ளித் திறந்துகொள்ள வேண்டும். மறுபடி தள்ளிப் பூட்டி, ரிமோட்டிலும் சாவியிலும் திறந்து பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று திறக்கவில்லை என்றால், பழுது மூடி திறந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது என்று பொருள். இதைச் செய்யாமல் மூடிவிட்டு, பிறகு திறக்க வழியில்லாமல் பின் இருக்கையையே கழற்றும் நிலைக்கு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்ததும் நாக்கு திறந்த நிலையில் இருப்பதை உறுதிசெய்த பிறகுதான் மூடியை இறக்க வேண்டும். இல்லையென்றால் நாக்கும் கம்பியும் மோதி வளைந்துவிடும்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அமராவதி_செவிலி (கரூர்):

சகோதரி பவானிக்கரை அவர்களுக்கு, உங்கள் அச்சம் மிகையானதன்று. குழந்தைகள் நலப் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் வெப்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருந்த நாள்களில் வெயிலில் நிறுத்திய காரின் உட்புற வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உட்புற வெப்பம் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அந்த உயர்வில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததாலும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. சித்திரை, வைகாசியில் கரூர் பரமத்தியும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டும்போது வெப்பத்தாக்கு நிலை தொடங்கிவிடுகிறது.

டிக்கிக்குக் கண்ணாடி இல்லை, ஆகவே அவ்வளவு சூடேறாது என்று சிலர் சொல்லக்கூடும். 1998ஆம் ஆண்டுக் கோடையில், மூன்று வாரங்களுக்குள், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ, யூட்டா, பென்சில்வேனியா மாநிலங்களில் நடந்த மூன்று நிகழ்வுகளில் 11 குழந்தைகள் விளையாட்டாகக் கார் டிக்கிக்குள் புகுந்து, திறக்க முடியாமல் இறந்தார்கள். அதற்கு முன்பே, 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கணவருடன் கடத்தப்பட்டுத் தம் கார் டிக்கியிலேயே அடைக்கப்பட்டு உயிர்தப்பிய ஜேனட் ஃபென்னல் என்னும் பெண்மணி, உள்ளிருந்து திறக்கும் வசதி வேண்டும் என்று இயக்கம் நடத்தி வந்தார். இவற்றின் விளைவாக, 2001 செப்டம்பர் முதல் அந்நாட்டில் தயாராகும் தனி டிக்கி உள்ள கார்களில் உள்ளிருந்து திறக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. கைப்பிடியாக இருந்தால் அது இருட்டில் ஒளிர வேண்டும், அல்லது டிக்கிக்குள் விளக்கு எரிய வேண்டும். இருட்டில் அடைபட்ட சிறு பிள்ளை தேடிக் கண்டுபிடிக்காது. தானாகக் கண்ணில் படுவதைத்தான் பிடித்து இழுக்கும்.

ஒரு வேண்டுகோள். குழந்தையைக் காணவில்லை என்றால், முதலில் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். அடுத்ததாகவே, அக்கம்பக்கத்தில் கேட்கப் போவதற்கு முன்பே, நிற்கும் வண்டிகள் அனைத்தின் கதவுகளையும் டிக்கிகளையும் திறந்து பாருங்கள். சூட்டில் மயங்கிய பிள்ளையை வெளியே எடுத்தால், உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தடுமாறும் பிள்ளைக்கு வாய்வழியாகத் தண்ணீர் புகட்டக்கூடாது. நனைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது.

நொய்யல்_பட்டறை (கோயம்புத்தூர்):

செவிலி அம்மா எழுதியதைப் படித்த பிறகு, கைப்பிடி பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நம் நாட்டில் ஓடும் செடான்களில் சிலவற்றில் அந்தக் கைப்பிடி தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது. ஆகவே, பகலில் டிக்கியைத் திறந்து, மூடியின் உட்புறத்தில் பூட்டுப் பெட்டியைச் சுற்றி நன்றாகப் பாருங்கள்; வெளிறிய பச்சை நிறத்தில், அம்புக்குறியோ ஓடும் மனித உருவமோ அச்சிட்ட பிளாஸ்டிக் பிடி இருந்தால் அதுதான்.

இல்லையென்றால் பொருத்த முடியும். லீவர் கேபிளால் இயங்கும் வண்டிகளில், அந்தக் கேபிள் வந்து சேரும் இடத்தில், பூட்டுப் பெட்டியின் பக்கவாட்டில், ஒரு சிறு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் தள்ளினாலே பூட்டு விடுபடும். அந்தக் கையில் உறுதியான குறுங்கயிறு ஒன்றைக் கோத்து, உள் அட்டையில் துளையிட்டு வெளியே எடுத்து, இருட்டில் ஒளிரும் பிடியை முடிந்துவிடலாம். கயிறு குட்டையாகவே இருக்கட்டும். நீளமாகத் தொங்கினால் மூட்டையோ பையின் வாரோ அதில் மாட்டி, ஓடும் வண்டியில் மூடி திறந்துகொள்ளும். பொருத்திய பின் மேலே சொன்ன ஸ்க்ரூடிரைவர் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒளிரும் பிடி வெளிச்சம் பட்டால்தான் பிறகு ஒளிரும் என்பதால், டிக்கிக்குள் இருக்கும் விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பூட்டு உள்ள வண்டிகளில் ஒயரை வெட்டி ஒட்டும் வேலையைத் தெருமுனைக் கடையில் கொடுக்காதீர்கள். வாரண்டி போவது ஒருபுறம் இருக்க, தானாகத் திறந்துகொள்ளும் கோளாறும் வரலாம். வண்டி வாங்கிய நிறுவனத்தின் பட்டறையிலேயே கேளுங்கள்.

பின் இருக்கை மடங்கும் வகையாக இருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால், மடக்கும் குமிழ் சில வண்டிகளில் இருக்கையின் மேல் இருக்கிறது, சிலவற்றில் டிக்கிக்குள் இருக்கிறது. முன்னதாக இருந்தால், உள்ளே இருப்பவருக்கு அது உதவாது.

சங்ககிரி_ஸ்டியரிங் (சங்ககிரி):

வணக்கம். நான் நெடுங்காலம் லாரியும், பிறகு வாடகைக் காரும் ஓட்டியவன். பட்டறைத் தம்பி பூட்டைப் பற்றி எழுதிவிட்டார். நான் சாவியைப் பற்றி எழுதுகிறேன்.

டிக்கியில் பொருளை வைக்கும்போது, சாவியை ஒரு நொடி உள்ளே வைத்துவிட்டு இரு கையாலும் மூட்டையை நகர்த்துவதுதான் எல்லாருக்கும் வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்தை விட வேண்டும். சாவி சட்டைப் பையை விட்டு இறங்கவே கூடாது. ரிமோட்டால் டிக்கியை மட்டும் திறந்தால், பல வண்டிகளில் நான்கு கதவுகளும் பூட்டியபடியே இருக்கும். மூடியைச் சாத்திய நொடியில் சாவி உள்ளே, நாம் வெளியே. வேறு சில வண்டிகளில், ரிமோட்டால் திறந்து சுமார் அரை நிமிடத்திற்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் வண்டி தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவி உள்ளே இருந்தால் மூடி பூட்டாமல் ஒலி எழுப்பும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எவர்சில்வர் டிபன் கேரியருக்குள்ளோ இரும்பு டூல்ஸ் பெட்டிக்குள்ளோ சாவி விழுந்திருந்தால், அதன் அலை வண்டியின் ஏரியலுக்கு எட்டாமல் போய்விடும், வண்டியும் சாவி வெளியே இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் ஸ்டெப்னி மாற்றவோ தண்ணீர் எடுக்கவோ டிக்கியைத் திறப்பதானால், 544ஆம் எண் சாலை போன்ற வேகச் சாலைகளில் ஓரத்தில் நிறுத்துவது போதாது. முடிந்தால் சுங்கச்சாவடி வரை அல்லது பெட்ரோல் பங்க் வரை போய்விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால், முதலில் எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, பிறகுதான் மூடியைத் தூக்க வேண்டும். பல வண்டிகளில் பின் விளக்குகளில் ஒரு பகுதி மூடியிலேயே இருக்கிறது. மூடி மேலே போனதும் விளக்கும் வானத்தைப் பார்க்கிறது, பின்னால் வரும் லாரிக்காரருக்கு எச்சரிக்கை தெரியாது. வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல், சாலையோரப் பக்கமாக நின்று கையை நீட்டி எடுங்கள்.

நொச்சி (திருப்பூர்):

பனியன் வணிகத்தில் இருப்பவர்களுக்கு டிக்கி என்பது பாதிக் கிடங்கு. மாதிரித் துணிகள், சில வேளைகளில் கூலிப் பட்டுவாடாவுக்கான பணம், எல்லாம் அதில்தான் போகின்றன. திருட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வண்டியை எங்கே நிறுத்துகிறோமோ அங்கே பொருளை டிக்கிக்கு மாற்றக்கூடாது. பழனிக்கோ பண்ணாரிக்கோ போய்ச் சேர்ந்து, வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கி, மடிக்கணினியையும் கைப்பையையும் எல்லார் கண்ணும் பார்க்க டிக்கியில் வைத்துப் பூட்டுவது, இதில் பொருள் இருக்கிறது என்று அறிவிப்பதற்குச் சமம். புறப்படும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். வங்கியிலிருந்து பணத்துடன் வந்தால் டிக்கியைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்ததாக, செடான் வண்டியில் டிக்கி பாதுகாப்பானது என்ற எண்ணம் பாதிதான் உண்மை. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டவன் லீவரை இழுத்தால் டிக்கியும் திறந்துகொள்ளும். சில வண்டிகளில் இந்த லீவரையே சாவியால் பூட்டிவைக்க முடியும். வேறு சிலவற்றில் டிக்கியைச் சாவியால் ஒரு திருப்பு கூடுதலாகத் திருப்பினால் லீவர் வேலை செய்யாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பவானிக்கரை அக்காவின் சிக்கலுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். லீவரைப் பூட்டிவைத்தால் குழந்தைகள் இழுத்தாலும் திறக்காது.

ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதையும் நிறுத்த வேண்டும். ரிமோட்டின் அலையைக் கெடுக்கும் கருவிகளைத் திருடர்கள் பயன்படுத்துவதுண்டு. நாம் அழுத்துவோம், வண்டி பூட்டாது. இண்டிகேட்டர் மின்னியதா என்று பார்த்து, கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். டிக்கியைச் சோதிக்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவி நம் பையிலேயே இருப்பதால், பின்புறப் பொத்தானை அழுத்தியதும் நமக்காகத் திறந்துகொள்ளும். அதைக் கண்டு பூட்டவில்லை என்று மயங்க வேண்டாம். அதே காரணத்தால், சாவியுடன் நாம் வண்டியின் அருகில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் டிக்கியைத் திறக்கவும் முடியும்.

ஆனைமலை_நார் (பொள்ளாச்சி):

அனைவரும் மூடுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு டிக்கி மூடாமல் போவதுதான் நடைமுறை. தென்னங்கன்று, பிவிசி குழாய், நோம்பிக்கு வாங்கும் வாழைத்தார் எல்லாம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மூடியைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டு, மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பத்து கிலோமீட்டர் தூரத்திற்கு இதில் என்ன ஆபத்து வந்துவிடும்?

சங்ககிரி_ஸ்டியரிங் (சங்ககிரி):

ஆபத்து இருக்கிறது தம்பி. அது கண்ணுக்குத் தெரியாதது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சைலன்சரிலிருந்து வரும் புகை அந்தச் சுழலில் சிக்கி, திறந்த டிக்கி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. முன் கண்ணாடிகள் மூடி, ஏசி ஓடிக்கொண்டிருந்தால், புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

அமராவதி_செவிலி (கரூர்):

அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால், வெயிலில் அலைந்த களைப்பு என்று எண்ணிவிடுவோம். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை இன்னும் தூங்குவதாகவே நினைப்போம். பத்து கிலோமீட்டர் என்றாலும், டிக்கி திறந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். தவிர்க்கவே முடியாமல் போனால், முன் கண்ணாடிகள் எல்லாவற்றையும் முழுவதுமாக இறக்கி, வெளிக்காற்று உள்ளே வரும்படி காற்றாடியை முழு வேகத்தில் வைத்து ஓட்டுங்கள்.

நொச்சி (திருப்பூர்):

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194 (1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அந்தப் பணத்தில் டெம்போவை எத்தனை முறை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலை_நார் (பொள்ளாச்சி):

புகையைப் பற்றி இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. குழாய்களை இனி மேற்கூரைக் கம்பியில் கட்டிக்கொள்கிறேன். கூடவே ஒரு கேள்வி: என் வண்டி பின்கதவு மேலே எழும் வகை. சில நாள்களாகக் கதவு முழு உயரத்திற்கு எழுந்த பிறகு மெல்லக் கீழே இறங்குகிறது. ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

நொய்யல்_பட்டறை (கோயம்புத்தூர்):

கம்பை நம்பி அதன் கீழ் தலையை நீட்டாதீர்கள். கதவைத் தாங்குபவை இருபுறமும் உள்ள டிக்கி ஷாக்குகள். அவற்றுக்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் வாயு கசிந்துவிட்டால் கதவின் எடையைத் தாங்காது. அதிகாலைக் குளிரில் வாயுவின் அழுத்தம் இன்னும் குறையும் என்பதால், பகலில் நின்ற கதவு விடியற்காலையில் விழும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கிக்கொண்டு, பூட்டும் நேராக உட்காராது. கழற்றிய பழைய ஷாக்கைத் துளையிடவோ தீயில் போடவோ கூடாது, அது வெடித்துத் தெறிக்கும்.

பேட்டரி இறங்கிவிட்டால் இவ்வகை வண்டிகளில் பின்கதவு மின்சாரத்தால் திறக்காது. பின் இருக்கையை மடக்கி உள்ளே சென்று, கதவின் உள் அட்டையில் பூட்டுக்கு நேராகப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சிறு மூடியோ துவாரமோ இருக்கும்; அதனுள் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தள்ளினால் பூட்டு விடுபடும். பழுதான நாளில் தேடாமல், இன்றே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. கேபிள் லீவர் உள்ள செடான்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி இறங்கினாலும் கேபிள் வேலை செய்யும்.

பவானிக்கரை (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் நன்றி. எங்கள் வண்டியின் மூடியில் கைப்பிடி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டோம். வண்டி வாங்கிய இடத்தில் பொருத்தித் தரக் கேட்டிருக்கிறோம். கையேட்டில் தேடியதில், நொச்சி தம்பி சொன்னபடி லீவரைச் சாவியால் பூட்டும் வசதி எங்கள் வண்டியில் இருக்கிறது, பூட்டிவிட்டோம். மாமனாருடைய தடையை மட்டும் இங்கே வைக்கிறேன், ஏனெனில் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. வண்டியைப் பூட்டிவைத்தால், எப்படியோ உள்ளே போய்விட்ட பிள்ளையை வெளியே எடுக்கத் தாமதமாகும், திறந்து கிடந்தால் யாரும் உடனே எடுக்கலாமே என்கிறார்.

சங்ககிரி_ஸ்டியரிங் (சங்ககிரி):

உங்கள் மாமனார் பெரியவர், அவர் கேட்பது சரியான கேள்விதான் அம்மணி. ஆனால், பூட்டிய வண்டிக்குள் பிள்ளை புகுவதற்கே வழியில்லை. திறந்து கிடக்கும் வண்டிக்குள்தான் புகும். அப்படிப் புகுந்த பிள்ளையால், பின் இருக்கைக் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால், உள்ளிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது, முன் இருக்கைக்குத் தாவிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். டிக்கிக்குள் போய்விட்டாலோ, வண்டியின் நான்கு கதவும் திறந்திருந்தால்கூட, உள்ளே இருப்பவர் இருப்பது வெளியில் தெரிந்தால்தானே யாரும் எடுப்பார்கள்? களத்தில் நின்றாலும் வண்டி பூட்டியே நிற்கட்டும். சாவியை ஆசாரத்து ஆணியிலிருந்து எடுத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், ஆனால் வீட்டில் உள்ள பெரியவர் அனைவருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மாற்றுச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் கூடாது. தேவைப்படும் நேரத்தில் பீரோச் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம்.

அமராவதி_செவிலி (கரூர்):

பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். மிரட்டாமல், வண்டியின் அருகில் அழைத்துச் சென்று, ஹாரன் எங்கே இருக்கிறது என்று காட்டி அழுத்தச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சாவி போடாமலே ஹாரன் ஒலிக்கும். உங்கள் வண்டியில் ஒலிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி பொருத்திய பிறகு, மூடியைத் திறந்து வைத்தபடியே அதை இழுத்துக் காட்டுங்கள். அதைக் காட்டுவதற்காகப் பிள்ளையை உள்ளே உட்காரவைத்து மூடக் கூடாது. டிக்கி விளையாடும் இடம் என்று அதற்குப் பதிந்துவிடும்.

மஞ்சள்சந்தை (ஈரோடு):

இழையைத் தொடக்கம் முதல் படித்தேன். என்னுடையது டிக்கியில் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) சிலிண்டர் பொருத்திய வண்டி. டிக்கியைத் திறக்கும்போது வாயு மணம் வந்தால் என்ன செய்வது?

நொய்யல்_பட்டறை (கோயம்புத்தூர்):

மணம் வந்தால் ரிமோட்டையோ உள் விளக்கின் சுவிட்சையோ தொடாதீர்கள். இன்ஜினை அணைத்து, அனைவரையும் இறக்கி, சாவியாலோ கேபிள் லீவராலோ டிக்கியை முழுவதும் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிஎன்ஜி காற்றைவிட இலேசானது, மேலே எழுந்து கலைந்துவிடும். ஆனால் ஓட்டுச் சாய்ப்பின் அடியிலோ மூடிய ஷெட்டிலோ நின்றால் கூரையில் தேங்கும் என்பதால், இன்ஜினைப் போடாமல் வண்டியை வெட்டவெளிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். பிறகு சிலிண்டர் வால்வைக் கையால் மூடிவிட்டு, சிஎன்ஜி பட்டறைக்காரரை வண்டி நிற்கும் இடத்திற்கே வரச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வால்வு எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை இன்றே பார்த்துவைத்து, அதன் மேல் மஞ்சள் மூட்டையை அடுக்குவதை நிறுத்துங்கள். அந்தச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும், சோதனை செய்த தேதி சிலிண்டரோடு இணைத்த தகட்டில் இருக்கும். தேதி கடந்திருந்தால் இந்த வாரமே போய்விடுங்கள்.